பங்காளிப் பட்டியலோடு ஐந்து நாள்

மயிலாப்பூர் மெஸ்ஸில் என் எதிர்மேஜையில் இரண்டு பெரியவர்கள். காலை ஏழு மணி. இட்லி வருவதற்கு முன்பே அவர்கள் பேச்சு வந்துவிட்டது.

"நேக்கு நாலு புள்ளி ரெண்டுடா. போன தடவை மூணு புள்ளி ஒம்போது."

"இதுக்கே பயந்துக்கறியே. நான் ரெண்டு வருஷமா ஆறுலயே நின்னுண்டிருக்கேன். பாத்துண்டே இருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆத்துல அவதான் கவலைப்பட்டுண்டிருக்கா."

"பயாப்ஸி பண்ணிக்கலையோ?"

"ஸ்கேன் நன்னா இருக்கு, வேண்டாம்னுட்டார். நீ சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளு."

பி.எஸ்.ஏ. பற்றித்தான் பேசுகிறார்கள். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற ப்ராஸ்டேட் சுரப்பியில் ஏதாவது கோளாறு இருந்தால் ரத்தத்தில் ஏறிக் காட்டுகிற அளவு அது. நான் வாயில் வைத்த இட்லியை விழுங்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "ஏதாவது வேணுமாம்மா?" என்று ஒருவர் கேட்டார். வேண்டும்தான். இந்த இரண்டு பேரையும் ஓர் ஆட்டோவில் ஏற்றி, தி.நகருக்குக் கொண்டுபோய், என் சித்தப்பா மகன் தண்டபாணியின் முன்னால் உட்காரவைத்து இதே பேச்சை இன்னொரு தடவை பேசச் சொல்ல வேண்டும். அதை எப்படிக் கேட்பது? சட்னி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் ஈப்போக்காரி. மலேசியாவில் பிறந்து, அங்கேயே கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அச்சடித்து ஐம்பத்தொன்பது வயதைத் தொட்டவள். பேர் ராஜேஸ்வரி. பத்திரிகைத் தொழிலில் எழுத்து அழகாக இருப்பது இரண்டாம்பட்சம். யார் பேரும் விட்டுப்போகக் கூடாது, அதுதான் முதல். ஒரு தாய்மாமன் பேர் விட்டுப்போனால் அந்தக் கல்யாணத்தில் சாப்பாடு இறங்காது. முப்பது வருஷத்தில் என் அச்சகத்தில் ஒரு பேர் விட்டுப்போனதில்லை. இதை நான் சந்திக்கிற எல்லாரிடமும் சொல்வேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொன்னேன். பாவம், தூங்கிவிட்டார்.

இந்தப் பயணம் என் அண்ணன் சுப்பையாவுக்காக. அவருக்கு அறுபத்தாறு. ப்ராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். இடுப்பு வலி, இடுப்பு வலி என்று ஒரு வருஷம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர். ஈப்போ டாக்டர் அவர் ரத்தத்தில் மரபணுவைப் பார்த்ததில், பி.ஆர்.சி.ஏ. டூ என்ற ஒன்றில் பிறவியிலேயே பழுது இருப்பது தெரிந்தது. அது அப்பா வழியாக வந்திருக்க வேண்டும். ஏனென்றால் சென்னையில் கடை வைத்திருந்த எங்கள் சித்தப்பாவும் இடுப்பு வலி என்று படுத்துத்தான் எழுந்திருக்காமல் போனார். அந்தப் பழுது உள்ள ஆண்களுக்கு இந்த நோய் இளம் வயதிலேயே வரலாம், வந்தால் வேகமாகப் பரவலாம். முன்னாலேயே தெரிந்துவிட்டால் வருஷா வருஷம் ரத்தம் பார்த்து, முளையிலேயே பிடிக்கலாம்.

"எனக்கு நேரம் தப்பிடுச்சு ராஜி. தண்டபாணிக்குத் தப்பக் கூடாது. நீ போய் ரத்தம் குடுக்க வச்சுட்டு வா" என்றார் அண்ணன். அடையாற்றில் இந்த மாதிரிக் குடும்பங்களை ஆராய்கிற ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார்கள். கூடவே ரத்த உறவுகளின் பட்டியலும் கேட்டார்கள். எங்கள் குலதெய்வம் சாஸ்தா கோயில் பங்காளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அண்ணன் அதிலிருந்து பேர்களை எடுத்துக் கொடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று பரிசோதனைக்கூடம் அனுப்பிய மாதிரிப்படி, நான் தந்த நிற அட்டையில், ஓரத்தில் கொடி போட்டு, அழகாக அச்சடித்துக்கொண்டேன். கையால் கிறுக்கிக் கொண்டுபோனால் என் தொழிலுக்கு என்ன மரியாதை?

செவ்வாய்க்கிழமை தி.நகர். மயிலாப்பூர் முழுக்க மெட்ரோ ரயிலுக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள். நேரே போனால் கால் மணி நேரமாகிற இடத்துக்கு ஊரைச் சுற்றிக் கொண்டுபோனார் ஆட்டோக்காரர். வழி மாறுகிறதே என்று கேட்டேன்.

"இன்னாமா பண்றது? அந்தாண்ட தோண்டிகினு கீறானுங்க, இந்தாண்ட மூடிகினு கீறானுங்க. நடுவுல நாம போய்க்கினே இருக்கணும். எந்த ஊரு நீ?"

"மலேசியா."

"அங்கயும் தோண்டுறானுங்களா?"

தோண்டி முடித்துவிட்டார்கள் என்றேன். நம்பாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஈப்போவில் ஹாரன் சத்தம் கேட்டால் யாரோ சண்டைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். இங்கே ஹாரன் என்பது "நான் வருகிறேன்" என்று சொல்கிற மரியாதை. முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டேன், இரண்டாம் நாளே பழகிவிட்டது.

தண்டபாணிக்குப் பாத்திரக்கடை. உள்ளே நுழைந்தால் கண் கூசுகிறது. வாசலோரம் ஒருவர் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு குத்துவிளக்கின் அடியில் மாப்பிள்ளை, பெண் பேரை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரே வரியில், அழுத்தம் மாறாமல், நல்ல கை. தொழில்காரி என்பதால் நின்று பார்த்தேன். அதற்குள் தண்டபாணி எழுந்து ஓடி வந்துவிட்டான். ஐம்பத்துநாலு வயது; சித்தப்பாவின் அதே நடை.

"வாங்கக்கா, வாங்க. அண்ணன் எப்படி இருக்காங்க? முதல்ல உக்காருங்க. காப்பி சாப்பிடுதீகளா, மோர் சொல்லவா?"

இரண்டையும் வரவழைத்தான், கூடவே வடையும். நாற்பது வருஷமாகச் சென்னையில் இருந்தாலும் வாயில் திருநெல்வேலி போகவில்லை. அண்ணனைப் பற்றிச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரத்தப் பரிசோதனை என்று ஆரம்பித்ததும் முகம் மாறியது. என்னைக் குக்கர் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"இப்ப வேண்டாம்க்கா. அபிக்கு இடம் பேசி முடிக்கிற நேரம். இந்த நேரம் பாத்து, குடும்பத்துக்கே சீக்குன்னு ஒரு காகிதம் வந்துச்சுன்னா எவன் பொண்ணெடுப்பான்?"

"நீ படுத்துட்டா மட்டும் எடுப்பானா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கல்லு மாதிரி இருக்கேன்."

"அண்ணனும் கல்லு மாதிரிதான் இருந்தாரு."

"கல்யாணம் முடியட்டும். அடுத்த வருஷம் நானே போறேன்."

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஒளித்து வைக்கிற நோய் இது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குக்கர் மூடி ஒன்றை எடுத்து அவன் தலையில் போட்டிருப்பேன். ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சீர்ப் பாத்திரம் கட்டிக் கொடுக்கிறவனுக்குத் தன் பெண் அபியின் கல்யாணம் என்றதும் மூளை நின்றுபோயிருந்தது. வடை மட்டும் பிரமாதமாக இருந்தது. அதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலை பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் எத்தனை பேர். ஒவ்வொருவர் கையிலும் மனைவிக்கோ மகளுக்கோ வாங்கிய பை. தனக்கென்று எதையும் பார்த்துக்கொள்ளாத ஜாதி இது என்று அலுத்துக்கொண்டேன். அண்ணனுக்குப் போன் பண்ணி, "வியாழக்கிழமை அவன் வருவான், கவலைப்படாதீங்க" என்று சொல்லி வைத்தேன். அது பொய். ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிற வழக்கம் எனக்கில்லை.

புதன்கிழமை மேற்கு மாம்பலம். தண்டபாணியின் தங்கை வள்ளி அங்கே இருக்கிறாள். நாற்பத்தெட்டு வயது. புருஷன் ரயில்வேயில். சந்து அவ்வளவு குறுகல். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தால் யாராவது ஒருவர் ஏதாவது கடைக்குள் ஏறி நிற்க வேண்டும். நான் ஏறி நின்ற கடையில் ஊதுபத்தி வாங்கும்படி ஆகிவிட்டது.

சாப்பாடு சொதி. எங்கள் பக்கத்துச் சைவக் கல்யாணங்களில் மறுவீட்டுக்கு வைக்கிற குழம்பு. தேங்காய்ப்பாலில் காய்கறி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். நாசி லெமாக் சாப்பிட்டு வளர்ந்தவளுக்குத் தேங்காய்ப்பால் புதிதா என்ன? ஆனாலும் இது வேறு. அங்கே சோறு தேங்காய்ப்பாலில் வேகிறது, இங்கே தேங்காய்ப்பால் சோற்றின் மேல் வந்து இறங்குகிறது. மூன்று தடவை போட்டுக்கொண்டேன். வள்ளி நான்காவது தடவையும் கரண்டியை நீட்டினாள்.

சாப்பிட்டு முடித்ததும் நான் வந்த கதையைச் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பாவ நாந்தான்க்கா பாத்தேன், கடைசி ஆறு மாசம். பாய்ல கூடப் படுக்க முடியாது. திருப்பிப் படுக்கவச்சா கத்துவாங்க. அப்பா வீடு தூரம். காலையில ட்ரெய்ன் ஏறிப் போவேன், சாயங்காலம் இங்க வந்து சமைப்பேன். அண்ணன் கடையப் பாக்கணும்லா? அவங்க அந்தச் சத்தத்த முழுசாக் கேக்கல."

"அவன்கிட்ட நீ சொல்லேன் வள்ளி."

"சொல்லுதேன். இன்னைக்கே சொல்லுதேன்."

அடுப்பை அணைத்து, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகருக்குப் போகிற நெடிய நடைமேம்பாலத்தில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கீழே ரங்கநாதன் தெருவில் தலைகள் மட்டும்தான் தெரிந்தன. எங்கள் ஊர் தைப்பூசக் கூட்டம் இங்கே தினசரி கூடுகிறது.

கடையில் அவள் உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, அபி கல்யாணத்தன்னைக்கு நீங்க மேடையில நிக்கணுமா, மாலை போட்ட படத்துல நிக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிருதேன்."

தண்டபாணி என்னைப் பார்த்தான். நான் குத்துவிளக்கைப் பார்த்தேன். பேர் வெட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான் தண்டபாணி. ஒரே ஒரு நிபந்தனை, யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டில், ஈப்போ அக்காவைக் கபாலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொள்வானாம். "நீயும் துணைக்கு வா வள்ளி" என்றான். வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் என் விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். மூவரும் ஒரே ஆட்டோ. உள்ளே அடைசல் என்று ஆட்டோக்காரர் கடற்கரை ஓரமாக நொச்சிக்குப்பம் வழியே விட்டார். சாலையோரம் வரிசையாக மீன். படகுகள், வலை, பெரிய குடைகள். சைவக்காரனான தண்டபாணி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். சரியாக அங்கே வந்து ஆட்டோ நின்றுவிட்டது.

"கிளட்ச் கேபிள் பூட்ச்சு நைனா. பத்து நிமிட்டு. எறங்கி நில்லுங்க."

மீன்களுக்கு நடுவே இறங்கி நின்றோம். எனக்குக் கொண்டாட்டம். வஞ்சிரம், சங்கரா, பேர் தெரியாத ஒரு சிவப்பு மீன். விலை கேட்டேன், வாங்குகிற எண்ணம் இல்லாமல். மீன்காரம்மா என் கையிலிருந்த பெரிய உறையைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா போற யக்கா?"

தண்டபாணி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அதற்குள் வள்ளி, "எங்க அண்ணனுக்கு ரத்தம் குடுக்கப் போறோம்மா. எங்கப்பாவுக்குப் புத்துநோய். இவங்களுக்கும் வருமான்னு பாக்க" என்று கணீரென்று சொல்லிவிட்டாள்.

பக்கத்துக் கடைக்காரரும் திரும்பிப் பார்த்தார். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அதுக்கு இன்னாத்துக்கு நைனா மூஞ்சிய மூடிகினு கீற? போய்க் குட்த்துட்டு வா. என் ஊட்டுக்காரரு பாக்கவே மாட்டேன்னு கடேசில பூட்டாரு. பாத்திருந்தா இன்னிக்கு இந்த மீன அவரு வெட்டிகினு இருப்பாரு."

தண்டபாணி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். யாருக்கும் தெரியக் கூடாது என்றவனின் ரகசியம் நொச்சிக்குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை. கேபிளைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டு ஆட்டோ கிளம்பியது.

அடையாற்றில் பஸ் சத்தத்தைத் தாண்டி உள்ளே போனால் மரங்கள் அடர்ந்த தெருக்கள். பரிசோதனைக்கூடம் ஒரு சாதாரண மூன்று மாடிக் கட்டடம். எங்களிடம் பேச வந்தவர் டாக்டர் நஸ்ரீன். முப்பத்தைந்து வயது இருக்கும். ராயப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பை தைக்கிற குடும்பம், வீட்டில் உருது, வெளியில் தமிழ் என்று அவரே சொன்னார். முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகு தண்டபாணியின் பயத்தைக் கேட்டார். அவன் கல்யாண விஷயத்தைச் சொன்னான்.

"நீங்க சொல்லாம நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம் சார். பேப்பர்ல உங்க பேரே இருக்காது, நம்பர்தான் இருக்கும்" என்றார். பிறகு பி.எஸ்.ஏ.வைப் பற்றி விளக்கினார். "அது சமையல்கட்டுப் புகை மாதிரி. வீடு பத்திக்கிட்டாலும் புகை வரும், கறிவேப்பிலை தாளிச்சாலும் வரும். வயசானா ஏறும், வீங்கினா ஏறும், இன்ஃபெக்ஷன் வந்தாலும் ஏறும். அதனாலதான் நாங்க ரத்தத்துல இன்னும் என்னெல்லாம் தேடலாம்னு பாக்கறோம். சில புற்று பொறுமையா இருக்கும், அத அறுக்கவே வேணாம். சிலது விடாது. எது எந்த ஜாதின்னு ரத்தமே சொல்லிட்டா எத்தனை பேருக்கு வீணா கத்தி வைக்காம இருக்கலாம்? மரபணு அதுல ஒரு துப்பு."

ஆறு என்ற பிறகும் மயிலாப்பூர் பெரியவர் பயப்படாமல் சாம்பாரைத் தள்ளச் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது. இந்தப் பெண் கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு என் தந்த நிற அட்டையை எடுத்து மேஜையில் விரித்தேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. யார் அச்சடிச்சது?"

"நான்தான். முப்பது வருஷத்துல ஒரு பேரு விட்டுப்போனதில்ல."

அவர் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"உங்க குடும்பத்துல பொம்பளைப் புள்ளைங்களே பொறக்கலியாம்மா?"

"ஏன்? இத்தனை வட்டம் இருக்கே."

"இந்த வட்டமெல்லாம் யாரு?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அண்ணி. தண்டபாணி மனைவி. தூத்துக்குடிப் பெரியப்பா மகன்களின் மனைவிமார். சொல்லச் சொல்லவே என் குரல் இறங்கியது.

"எல்லாரும் மருமகள்ங்க. கல்யாணம் பண்ணி வந்தவங்க. இவங்க ரத்தத்துல உங்க குடும்ப மரபணு இருக்காது" என்றார் நஸ்ரீன் மெதுவாக. "இங்க பொறந்த பொண்ணுங்க எங்க?"

எங்களில் கல்யாணமாகிப் போன பெண் புருஷன் வீட்டுச் சாமியைத்தான் கும்பிட வேண்டும். பிறந்த வீட்டு சாஸ்தாவுக்கு அவள் விருந்தாளி. வந்த மருமகள் உள்ளே, போன மகளும் இனிப் போகப்போகிற மகளும் வெளியே. பங்காளி என்றால் அப்படித்தான். அந்தக் கணக்கிலேயே அண்ணன் பேர்களை எடுத்தார், அந்தக் கணக்கிலேயே நான் அச்சடித்தேன். ரத்த உறவு இல்லாத அத்தனை பேரும் அட்டையில் இருந்தார்கள். ரத்த உறவுள்ள ஒரு பெண்கூட இல்லை.

"இவங்க யாரு?" என்று வள்ளியைக் காட்டினார்.

"என் தங்கச்சி. துணைக்கு வந்தா" என்றான் தண்டபாணி.

"சுப்பையா சாருக்கு நீங்க என்ன வேணும்மா?"

"தங்கச்சி" என்றேன். "கூடப் பொறந்த தங்கச்சி."

அவர் விரல் அட்டையில் அண்ணனின் சதுரத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் போய் நின்றது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊரார் வீட்டுப் பத்திரிகைகளில் அத்தை பேர், சின்னத்தை பேர் என்று தேடித் தேடிச் சேர்த்தவள், என் பேரையே விட்டுவிட்டு அதற்கு ஓரத்தில் கொடி வேறு போட்டிருக்கிறேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கம், பிறகு பயம்.

"இது ஆம்பளைங்க நோயில்லியா டாக்டர்?" என்று வள்ளி கேட்டாள்.

"ப்ராஸ்டேட் ஆம்பளைங்களுக்குத்தான். ஆனா இந்த மரபணு பொம்பளைங்களுக்கும் பாதிக்குப் பாதி வரலாம். அவங்களுக்கு அது மார்பகத்துல, சினைப்பையில வேலையக் காட்டும்."

"நான் வேற வீட்டுக்குப் போனவளாச்சே."

"நீங்க போனீங்க. உங்க ரத்தமும் உங்க கூடவே வந்துடுச்சேம்மா."

வள்ளி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தண்டபாணியை மிரட்டி இழுத்து வந்த இரண்டு பேரும் இப்போது நாற்காலியைவிட்டு எழவில்லை. தண்டபாணிதான் முதலில் எழுந்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "வாங்கக்கா. வள்ளி, வா. மூணு பேரும் குடுத்திருவோம்" என்றான். ஊசி குத்தும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஊதா மூடி போட்ட குழாய்களில் ரத்தம் ஏறியது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்தார்கள். எது யாருடையது என்று பார்த்தால் தெரியவில்லை, ஒட்டியிருந்த எண்ணைத் தவிர.

அதன் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வெறும் பேனாவால், அட்டையின் பின்பக்கத்தில் பெண்களின் பேரை எழுதினோம். அத்தைகள், அவர்களின் மகள்கள், எங்கள் மகள்கள். சில பேர்களுக்கு வள்ளி யார் யாருக்கோ போன் பண்ண வேண்டியிருந்தது. எழுதி முடித்தபோது பின்பக்கம் முன்பக்கத்தைவிட நிறைந்திருந்தது.

வெளியே வந்ததும் மூவருக்கும் பசி. எதிரே இருந்த ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். தண்டபாணி இரண்டு காபி குடித்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே பேசிவிடப் போவதாகச் சொன்னான். "மீன்காரம்மாவுக்கே தெரிஞ்சாச்சு, சம்பந்திக்குத் தெரிஞ்சா என்ன?" வெள்ளிக்கிழமை எனக்குக் கொடுத்தனுப்ப வள்ளி பொடி அரைத்துக் கொண்டுவந்தாள். மூன்று பொட்டலம் மிளகாய்ப்பொடியை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நான் பட்ட பாடு தனிக் கதை.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. நஸ்ரீன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். என்னிடம் வீடியோவில் சொன்னார்: "உங்களுக்கு இருக்கும்மா." நான் தலையை ஆட்டினேன். அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்திவிட்டு வந்து மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார்.

அன்று மாலை தண்டபாணி கூப்பிட்டான். "அக்கா, எனக்கு இல்லியாம்." சொல்லிவிட்டு அழுதான். அவனுக்கு இல்லையென்றால் அபிக்கும் இல்லை. எந்தப் பெண்ணுக்காக அப்படிப் பயந்தானோ அவளுக்கு ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்தேன். "வள்ளிக்கு இருக்காம்க்கா" என்றான்.

வள்ளியை உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி, கையில் தட்டுப்படாத அளவில். எடுத்துவிட்டார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே என்னிடம் பேசினாள்.

"அக்கா, அன்னைக்கு எனக்கு மாவரைக்கிற வேலை இருந்துச்சு. துணைக்குத்தான் நீங்க இருக்கீங்களே, நான் எதுக்குன்னு நெனச்சேன். அண்ணன் என்னத்தான் கூப்பிட்டாங்கன்னு வந்தேன்."

முடிவு வந்ததை அண்ணனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். தண்டபாணிக்கு இல்லை என்றதும் இரண்டு கையையும் கூப்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்து மாதக்கணக்காகிறது. வள்ளியைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "எனக்கும் இருக்குண்ணா" என்றேன்.

கூப்பிய கையை இறக்கி, "ஒன்னை நான் நெனைக்கவே இல்லியே ராஜி" என்றார்.

"நானே நெனைக்கலண்ணா."

என் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. சினைப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள், அடுத்த மாதத்துக்கு நாள் குறித்தாயிற்று. அது பற்றி எனக்குப் பயமில்லை. பினாங்கில் என் மகள் கவிதா இருக்கிறாள். முப்பத்தோரு வயது. போனில் சொல்கிற விஷயமில்லை, நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். அவள் கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்கு இப்போதே தெரியும். "ஏம்மா, பெரிய மாமாவுக்கு வந்த நோய்க்கு நான் எதுக்கு ரத்தம் குடுக்கணும்?"

கேட்கட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்வேன்.